வலது காலுக்கு அடியில் ஓர் ஊளை: முன்சக்கரச் சத்தம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2024 ஜூன் மாதம், பள்ளி திறந்த சமயம். ஓர் ஆசிரியர் தன் சிறிய பெட்ரோல் காரைத் திருநெல்வேலியில் உள்ள எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார். 2016 மாடல், ஓடியது 78,000 கிலோமீட்டர். முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக், முன்சக்கரங்கள் இழுக்கிற வண்டி. இறங்கியதும் டேஷ்போர்டைத் திறந்து ஒரு கத்தை பில்லை எடுத்து என் கையில் வைத்தார்.

ஏப்ரலில் முன்பக்கம் இரண்டு புது டயர். மே தொடக்கத்தில் பிரேக் பேட். மே கடைசியில் வலது முன்சக்கர பேரிங் (சக்கரம் தடையில்லாமல் சுற்ற, இரண்டு வளையங்களுக்கு நடுவே குண்டுகள் உருளும் பாகம்). மூன்று பட்டறை, பதினாலாயிரம் ரூபாய்க்கு மேல் செலவு. சத்தம் அப்படியே இருக்கிறது.

“அறுபதைத் தாண்டினா ஊஊன்னு ஊளையிடுது தம்பி. என் வலது காலுக்கு அடியிலதான். சத்தியம் பண்ணிச் சொல்வேன்.”

“பேரிங் மாத்தின பிறகு கொஞ்சம்கூடக் குறையலையா சார்?”

“குறையலை. ஆனா சத்தம் வேற மாதிரி ஆயிட்டுது.”

அந்தக் கடைசி வாக்கியத்தை ஜாப் கார்டில் எழுதிக்கொண்டேன். பழுது இல்லாத பாகத்தை மாற்றினால் சத்தம் அப்படியே இருக்க வேண்டும். பழுதான பாகத்தை மாற்றியிருந்தால் போயிருக்க வேண்டும். மாறியிருக்கிறது என்றால் என்ன பொருள்? அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. அதைப் புரிந்துகொள்ள இரண்டு நாள் ஆனது. அதில் அரை நாள் நானே வீணாக்கியது.

ஓட்டிப் பார்த்தது

வண்டிச் சத்தத்தோடு வருகிற எல்லாரும் முதலில் இடத்தைத்தான் சொல்வார்கள். முன்னால், பின்னால், காலுக்கு அடியில், சீட்டுக்குக் கீழே என்று. நான் அதைக் கேட்டுக்கொள்வேன், ஆனால் நம்புவதில்லை. காரின் உடம்பு முழுக்கத் தகடு. ஒரு மூலையில் பிறக்கிற அதிர்வு தகட்டில் ஓடி இன்னொரு மூலையில் போய்ச் சத்தமாக வெளியே வரும். இடத்தைவிட, எப்போது வருகிறது, எதைச் செய்தால் மாறுகிறது என்பதுதான் எனக்குத் தேவை. பிரேக் மிதிக்கும்போது மட்டும் கீச்சிட்டால் ஒரு வழி. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துக் கிளம்பும்போது டக் டக் டக் என்றால் ஆக்ஸில் ஜாயிண்ட். பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் டொக் என்றால் சஸ்பென்ஷனில் உள்ள லிங்க் ராட், லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயிண்ட் பக்கம் போக வேண்டும். வேகத்தோடு ஏறி வேகத்தோடு இறங்குகிற ஊளை என்றால் பெரும்பாலும் டயர் அல்லது பேரிங்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, லாரி குறைவாக இருக்கிற நேரம் பார்த்து, நான்குவழிச் சாலைக்குப் போனோம். முதலில் அவரை ஓட்டச் சொல்லிவிட்டு நான் பின்சீட்டின் நடுவில் உட்கார்ந்தேன். ஐம்பத்தைந்தில் லேசாகத் தொடங்கி எழுபதில் பேச்சை அமுக்குகிற அளவுக்கு வந்தது. அவர் வலது ஜன்னல் கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டு ஓட்டுகிறவர் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

“சார், கண்ணாடியை ஏத்திட்டு ஒருதடவை கேளுங்க.”

ஏற்றினார். அரை கிலோமீட்டர் போனதும் முகம் மாறியது. “இப்ப இடது பக்கம்னு தோணுதே!”

அவர் காதில் கோளாறு இல்லை. எந்த ஜன்னல் திறந்திருக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்துதான் எல்லாச் சத்தமும் வருவதாகக் காது எடுத்துக்கொள்ளும். வலது பேரிங்கை மாற்றிய பட்டறை இவர் சொன்னதை அப்படியே நம்பியிருக்க வேண்டும். அந்த மெக்கானிக்கை மட்டம் தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. வாடிக்கையாளர் சத்தியம் பண்ணும்போது மறுத்துப் பேசுவது லேசான காரியம் இல்லை.

அப்புறம் நான் ஓட்டினேன். எழுபதில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினேன். என்ஜின் சுற்று இறங்கியது, ஊளை இறங்கவில்லை. ஆகவே என்ஜினும் கிளட்சும் இல்லை. (இதைச் செய்கிறவர்கள் சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்துவிடாதீர்கள். பவர் ஸ்டியரிங் உதவி உடனே போய்விடும், பிரேக் பூஸ்டரும் இரண்டொரு மிதிக்குத்தான் தாங்கும்.) பிரேக்கை லேசாகத் தொட்டேன், மாற்றம் இல்லை. தார்ச் சாலையிலிருந்து பாலத்தின் கான்கிரீட் மேல் ஏறியபோதும் ஊளையின் சுருதி மாறவில்லை. டயர்ச் சத்தம் என்றால் சாலையின் மேற்பரப்பு மாறும்போது அதுவும் மாறும். அப்போ பேரிங்தான்.

எந்தப் பக்கம்? அதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. காலியான சாலையில் அறுபதில் போய்க்கொண்டே வண்டியை மெல்ல இடமும் வலமும் அலைய விடுவது. இடது பக்கம் ஒடித்தால் வண்டியின் பாரம் வலது சக்கரங்கள் மேல் சாயும். அப்போது ஊளை ஏறினால் வலது பேரிங், வலது பக்கம் ஒடிக்கும்போது ஏறினால் இடது. பத்தில் எட்டு வண்டிக்கு இதுவே போதும்.

இடது பக்கம் ஒடித்தேன். ஏறியது. சரி, வலது. உறுதிப்படுத்த வலது பக்கம் ஒடித்தேன். அப்போதும் ஏறியது. நேராகப் போனால் சற்றுக் குறைந்தது. நான்கைந்து முறை செய்தும் அதே பதில்தான்.

இங்கேதான் நான் தடுமாறினேன். இரண்டு பக்கமும் ஏறுகிறது என்றால் சோதனையே தவறோ, ஒருவேளை டயர்தானோ என்று மனம் பின்னால் போய்விட்டது. பட்டறைக்குத் திரும்பி நான்கு டயர் மேலும் கையை ஓட்டிப் பார்த்தேன். பின்டயர்கள் பழையவை, ஆனால் ரம்பப் பல் மாதிரித் தேய்மானம் இல்லை. இருந்தாலும் முன்டயரைப் பின்னாலும் பின்டயரை முன்னாலும் மாற்றிப் போட்டு, காற்றைச் சரிபார்த்து, மறுபடி சாலைக்குப் போனேன். ஊளை இருந்த இடத்திலேயே இருந்தது. அரை நாள் போயிற்று. கான்கிரீட் பாலம் காலையிலேயே சொன்ன பதிலை நான் நம்பியிருக்கலாம்.

சாக்பீஸ் காட்டிய சின்னச் சத்தம்

பட்டறைக்குள் வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டு வரும்போது எங்கள் பையன் சொன்னான், “அண்ணே, வலது பக்கம் சர்ரு சர்ருன்னு உரசுது.” ஊளையில் மூழ்கியிருந்த எனக்கு அது கேட்கவே இல்லை. சாலையில் வேகமாகப் போகும்போது கேட்கவும் கேட்காது.

வலது முன்டயரின் பக்கவாட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். பையன் பக்கத்தில் நடந்து, கோடு தரைக்கு வரும்போதெல்லாம் “ம்” சொல்ல வேண்டும். நான் என்ஜினை அணைத்துவிட்டேன், இரண்டு பேர் பின்னால் தள்ளினார்கள். ஒவ்வொரு “ம்”முக்கும் சற்று முன்னால் ஒரு “சர்”. சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஓர் உரசல், தவறாமல். டயரில் சிக்கிய கல்லும் சுற்றுக்கு ஒன்றுதான் அடிக்கும், ஆனால் அது “டிக்” என்று அடிக்கும், இழுக்காது. பிரேக்கை லேசாக மிதித்தபோதும் உரசல் மாறவில்லை. பேடும் இல்லை.

சக்கரத்தைக் கழற்றினேன். டிஸ்க்குக்குப் பின்னால் மண்ணும் தண்ணீரும் தெறிக்காமல் தடுக்க ஒரு மெல்லிய தகடு இருக்கும். அதன் ஓரம் உள்ளே மடங்கி டிஸ்க்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. எந்த டிஸ்க்கும் நூற்றுக்கு நூறு நேராகச் சுற்றாது, மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு ஆட்டம் இருக்கும். அந்த ஆட்டத்தில் டிஸ்க் ஒரு சுற்றுக்கு ஒருமுறை தகட்டைத் தொட்டது. ஸ்குரூடிரைவரை வைத்து நெம்பினால் தீர்கிற வேலை.

நெம்பப் போன கையை நிறுத்தினேன். மடங்கிய இடத்தில் அரைவட்டமாக ஒரு பளபளப்பு. சுத்தியல் முனையின் தடம். பக்கத்தில், பேரிங்கைத் தாங்கும் நக்கிளின் வார்ப்பிரும்பில் இன்னும் இரண்டு புதுத் தடம். ஒரு மாதத்துக்கு முன்பு போட்ட பேரிங், சீராக அமுக்கி ஏற்றும் பிரஸ்ஸில் ஏறவில்லை, சுத்தியலால்தான் ஏறியிருக்கிறது.

“சத்தம் வேற மாதிரி ஆயிட்டுது” என்று ஆசிரியர் சொன்னது அப்போதுதான் உறைத்தது. பழைய பழுது இன்னும் இருக்கிறது, அதற்கு மேல் புதிதாக ஒன்றும் சேர்ந்திருக்கிறது. அலைய விடும் சோதனை “எந்தப் பேரிங்?” என்று ஒருமையில் கேட்கிறது. இரண்டும் போயிருந்தால் இரண்டு பக்கமும்தானே ஏறும்? சோதனை சரியாகத்தான் பதில் சொன்னது. நான்தான் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன்.

லிப்டில்

வண்டியைத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். இரண்டு பக்கமும் துளி ஆட்டம் இல்லை. ஆட்டம் இல்லையென்றால் பேரிங் நல்லது என்று இன்னும் நிறையப் பேர் நினைக்கிறார்கள். பேரிங்கில் சத்தம் முதலில் வரும், ஆட்டம் ரொம்பப் பின்னால்தான் வரும். ஆட்டம் வரும்வரை ஓட்டுவது ஆபத்து.

அடுத்து, ஒரு கையால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தை மெதுவாகச் சுற்றுவது. பேரிங்கின் கரகரப்பு நக்கிள் வழியாக ஏறி ஸ்பிரிங்கில் விரலுக்குத் தெரியும். காதுக்குக் கேட்காததைக்கூட விரல் பிடித்துவிடும். இடது பக்கம் சுற்றியபோது ஈர மணலைத் தேய்ப்பது போல ஒரு நறநறப்பு, சில இடத்தில் அதிகம், சில இடத்தில் குறைவு. வலது பக்கம் வழுவழுப்பாகத்தான் இருந்தது, ஆனால் அதற்குள் ஒரு சீரான மெல்லிய துடிப்பு, தையல் மெஷின் மேசையில் கை வைத்தது மாதிரி.

பையனுக்கும் அது தெரிகிறதா என்று பார்க்க அவனைக் கண்ணை மூடச் சொன்னேன். இரண்டு பக்கத்துக்கும் வேறுபாடு சொன்னான்.

அடுத்து, முனையில் கம்பி வைத்த மெக்கானிக் ஸ்டெத்தஸ்கோப். முன்சக்கரம் இரண்டையும் அந்தரத்தில் விட்டு, ஓர் ஆள் உள்ளே உட்கார்ந்து மூன்றாம் கியரில் ஓட்ட, நான் கம்பி முனையை நக்கிளில் வைத்துக் கேட்டேன். இதைச் செய்யும்போது இரண்டு விஷயம் நினைவில் இருக்க வேண்டும். ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கிவிட்டு ஓட்டினால், இரண்டு சக்கரத்துக்கும் சுற்றைப் பிரித்துத் தருகிற டிஃபரன்ஷியல் அந்தச் சக்கரத்தை மீட்டர் காட்டுவதைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். முன்சக்கரம் சுற்றி, பின்சக்கரம் நின்றால் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கு எரியலாம், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். இடது பக்கம் உறுமியது. வலது பக்கம் ஒரே சுருதியில் பாடியது. கியர்பாக்ஸில் கம்பியை வைத்தால் இரண்டும் தூரத்தில் கேட்டன, அங்கே எதுவும் பிறக்கவில்லை.

தண்ணீர்

வலது பக்கத்தின் கதை சுத்தியலோடு முடிந்தது. இடது பக்கம் எப்படிப் போனது? ஆசிரியருக்குப் போன் செய்தேன்.

“சார், வெள்ளத்துல வண்டி எங்க நின்னுச்சு?”

திருநெல்வேலியில் இந்தக் கேள்விக்கு எந்த வெள்ளம் என்று யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழை. தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணி கரையேறி ஜங்ஷன் பக்கமெல்லாம் தண்ணீர். 17-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை இவர் தென்காசியில் உறவுக்காரர் வீட்டிலிருந்து மழையோடு ஓட்டிவந்து, வீட்டுத் தெருவில் இடது பக்கம் சாக்கடையை ஒட்டி நிறுத்தியிருக்கிறார். தெரு அந்தப் பக்கம் தாழ்வு. மூன்று நாள் வண்டியை அசைக்கவில்லை. வலது பக்கம் சக்கரத்தின் பாதிக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர். இடது பக்கம், சக்கரத்தைத் தாங்கும் நடுப்பாகமான ஹப் முழுகியிருந்தது.

முன்சக்கர பேரிங் மூடிய வகைதான், ரப்பர் சீல் இருக்கும். ஆனால் நெடுந்தூரம் ஓடிச் சூடாக இருக்கிற ஹப் குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், சுருங்கும்போது வெளியே இருப்பதை உறிஞ்சும். ஏழு வருடம் உழைத்த சீல் எவ்வளவுதான் தடுக்கும்? வடிந்த பிறகு வண்டி நன்றாகத்தான் ஓடியது. என்ஜின் ஆயில், கியர் ஆயில், ஏர் ஃபில்டர், சீட், கார்ப்பெட் எல்லாம் பார்த்திருக்கிறார்கள். சக்கர பேரிங்கை அந்த நேரத்தில் யாரும் பார்ப்பதில்லை. நானும் அந்த மாதம் கையில் வந்த வண்டிகளில் பார்க்கவில்லை. சத்தம் மார்ச் மாதம்தான் தொடங்கியது.

பிரித்தபோது

இரண்டு நக்கிளையும் இறக்கி பிரஸ்ஸில் வைத்துத் தள்ளினோம். இடது பேரிங்கைப் பிளந்தபோது கிரீஸ் டீக்கடையில் கடைசியாக மிஞ்சிய பால் காப்பி நிறத்தில் இருந்தது. தண்ணீர் கலந்த கிரீஸின் நிறம் அது. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்ததும் வெளி வளையத்தின் பாதையில் கருந்திட்டுகள் வரிசையாகத் தெரிந்தன. நகத்தை ஓட்டினால் சொரசொரப்பு. இரண்டு திட்டுக்கு இடையே உள்ள தூரமும் இரண்டு குண்டுக்கு இடையே உள்ள தூரமும் ஒன்று. மூன்று நாள் அசையாமல் நின்றபோது குண்டுகள் எங்கெங்கே அழுந்தி நின்றனவோ அங்கங்கே துரு கடித்திருக்கிறது. அப்புறம் ஓட ஓட அந்தக் கடி பெயர்ந்து பரவி, இரண்டு மூன்று இடத்தில் மேல்தோல் உரிந்திருந்தது.

வலது பேரிங்கில் கிரீஸ் புதுசு, துரு கிடையாது. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது இரண்டு வரிசைக் குண்டுப் பாதைகளில் ஒன்றில் மட்டும், அதுவும் தோள்பக்க ஓரத்தில், சுற்றிலும் சம தூரத்தில் பளபளப்பான சிறு குழிகள். உலோகம் பெயரவில்லை, அழுந்தியிருக்கிறது. தயாரிக்கும்போது பாதையைப் பாலிஷ் செய்ததில் விழுந்த மெல்லிய கோடுகள் குழிக்குள்ளும் அழியாமல் தெரிந்தன. அடியால் வந்த குழிக்கு இதைவிட நல்ல அடையாளம் கிடையாது.

மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டிலும் குண்டு இடைவெளியில்தான் தடம். ஒன்றைச் செய்தது தண்ணீர், இன்னொன்றைச் செய்தது கை. குழிகள் குண்டு இடைவெளியிலேயே இருப்பதால் ஓடும்போது குண்டுகள் தனித்தனியாக விழுவதில்லை, எல்லாம் ஒரே நேரத்தில் விழுந்து ஒரே நேரத்தில் ஏறும். ஸ்பிரிங்கில் கை வைத்தபோது தெரிந்த அந்தச் சீரான துடிப்பு இதுதான். வேண்டுமென்றால் கணக்கும் போடலாம். இந்த அளவு டயர் ஒரு சுற்றுக்கு 1.9 மீட்டருக்குச் சற்று மேல் ஓடும். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 11 சுற்றுக்கு மேல். ஒரு வரிசையில் 13 குண்டு என்று வைத்தால், நிற்கிற வெளி வளையத்தில் உள்ள குழியைச் சக்கரத்தின் ஒரு சுற்றுக்குள் ஏறத்தாழ ஐந்து குண்டு கடக்கும் (குண்டு எண்ணிக்கையில் 0.4 பங்கு என்பது தோராயக் கணக்கு). நொடிக்கு அறுபது தட்டல். கேட்ட ஊளையும் அப்படி அடித்தொண்டையில்தான் இருந்தது.

போட்டது

சுத்தியல் ஏன் கூடாது என்று கேட்கிறவர்களுக்கு ஒரே பதில்தான். பேரிங்கை நக்கிளுக்குள் ஏற்றும்போது இறுக்கமாக உட்கார வேண்டியது வெளி வளையம், ஆகவே வெளி வளையத்தில்தான் அமுக்க வேண்டும். ஹப்பை அதற்குள் ஏற்றும்போது உள் வளையத்துக்குக் கீழே தாங்கு கொடுக்க வேண்டும். இதை மாற்றிச் செய்தால் அந்த விசை முழுக்கக் குண்டு வழியாகப் போகும். அதிலும் சுத்தியல் அடி என்றால் பேரிங் சாலையைப் பார்ப்பதற்கு முன்பே செத்துவிடும். சரியான அளவு வளையம் கையில் இல்லையென்றால் பழைய பேரிங்கின் வெளி வளையத்தையே அமுக்கும் துண்டாக வைத்துக்கொள்ளலாம், நாங்கள் அன்று அதைத்தான் செய்தோம்.

இந்த வண்டியில் ஏபிஎஸ் சென்சார் படிக்கிற காந்த வளையம் பேரிங்கின் ஒரு பக்கச் சீலிலேயே இருக்கிறது. அந்தப் பக்கம் உள்ளே, சென்சாரைப் பார்த்து இருக்க வேண்டும். முந்தைய மெக்கானிக் இதைச் சரியாகத்தான் போட்டிருந்தார். ஆக்ஸில் நட்டைப் புதிதாகப் போட்டு, வண்டியைத் தரையில் இறக்குவதற்கு முன்பே ஓரளவு இறுக்கி, அப்புறம் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் புத்தகத்தில் உள்ள அளவுக்கு ஏற்றினோம். நட்டு தளர்வாக இருக்கும்போது வண்டியின் பாரத்தைச் சக்கரத்தில் விட்டால் புதுப் பேரிங்கும் வீண்தான். ஏர் கன்னால் இறுக்குவதை நான் பட்டறையில் விடுவதில்லை.

மடங்கிய தகட்டை நிமிர்த்தினோம். மே மாதம் மாற்றிய பேட் ஜோடியைக் கழற்றியபோது ஒன்று கவனித்தேன். பேடை டிஸ்க்கில் அமுக்கும் காலிபர் நகர்வதற்கான ஸ்லைடு பின் இரண்டிலும் துரு, இடது பக்கம் ஒன்று கையால் நகரவில்லை. வெள்ளத்தின் இன்னொரு மிச்சம். அதைக் கழற்றித் தேய்த்து, பிரேக் கிரீஸ் போட்டுவிட்டோம். விட்டிருந்தால் இன்னும் ஆறு மாதத்தில் அந்தப் பக்கப் பேட் ஒருச்சாய்த்துத் தேய்ந்து வேறொரு சத்தத்தோடு ஆசிரியர் வந்து நின்றிருப்பார்.

மறுநாள் காலை அதே நேரம், அதே சாலை, அதே பாலம். எண்பதில் நியூட்ரல், இடம், வலம், பிரேக். டயர் உருளும் சத்தமும் காற்றும் மட்டும்தான். ஆசிரியர் வலது கண்ணாடியை இறக்கினார், கொஞ்சம் கேட்டார், ஏற்றினார், மறுபடி இறக்கினார்.

“பின்னால ஏதோ லேசா கேக்குதே தம்பி?”

திரும்பிப் பார்த்தேன். பின்சீட்டில் மதியச் சாப்பாட்டுத் தூக்குவாளியின் மூடி தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது.